தேமல் கண்ட செடியும் அதை உண்பவரும்

கேள்வி: இலைகளில் வெளிர் திட்டுகளை உண்டாக்கும் தேமல் என்னும் வைரஸ் நோய் தாக்கிய செடியின் மிளகாயை உண்டால், அந்த வைரஸ் நம்மையும் தொற்றுமா?

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. மிளகாயைத் தாக்கும் ஒருவகைத் தேமல் வைரஸ் மனித மலத்தில் ஏராளமாகக் காணப்படுவதால், நீர்நிலையில் கழிவு கலந்திருக்கிறதா என்று அறிவதற்கே ஆய்வாளர்கள் அதைத் தேடுகிறார்கள். இவ்வளவு வைரஸ் நம் குடலைக் கடந்து சென்றும், அது மனித செல்லுக்குள் பெருகுவதற்கு உறுதியான சான்று இல்லை.

காரணம் பெரும்பாலும் நுழைவாயிலில் இருக்கிறது. விலங்கு செல்லைச் சூழ்ந்திருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. அதன்மேல் உள்ள ஏதேனும் ஒரு மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே செல்கிறது. இன்ஃபுளுவென்சாவுக்கு அது சியாலிக் அமிலம், எச்ஐவிக்கு சிடி4 என்னும் புரதம், கோவிட் வைரஸுக்கு ஏசிஇ2 என்னும் இன்னொரு புரதம். தாவர செல்லுக்கோ சவ்வுக்கு வெளியே செல்லுலோஸாலான தடித்த சுவர் இருக்கிறது. அதைத் துளைக்கும் வழி தாவர வைரஸிடம் இல்லாததால், அசுவினியோ வெள்ளை ஈயோ சாறு உறிஞ்சும்போது ஏற்படும் துளை, உராய்வில் உண்டாகும் காயம் போன்றவற்றையே அது நம்பியிருக்கிறது. உள்ளே சென்றபின், அண்டை செல்களை இணைக்கும் நுண்ணிய கால்வாய்களைத் தன் புரதத்தால் விரித்துப் பரவுகிறது. அத்தகைய கால்வாய்கள் நம் உடலில் இல்லை.

ஆயினும் தாவர வைரஸுக்கும் விலங்குக்கும் இடையிலான இந்த எல்லை முழுமையானதன்று என்பதே எனக்கு மிகவும் வியப்பளிப்பது: தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ், தன்னைச் சுமந்து செல்லும் இலைப்பேன் என்னும் சிறு பூச்சியின் உடலுக்குள்ளும் பெருகுகிறது.

கேள்வி: பாக்டீரியாவும் பூஞ்சையும் இவ்வாறே காயத்துக்காகக் காத்திருக்கின்றனவா?

பதில்: எல்லாமே அல்ல. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சை, இலைமேல் ஒட்டிக்கொண்டு, தன் உறுப்பொன்றில் ஏறத்தாழ 80 வளிமண்டல அளவுக்கு அழுத்தத்தைப் பெருக்கி இலைத்தோலைக் குத்தி நுழைகிறது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா இலைத்துளை வழியாகப் புகுகிறது. அதன் வருகையை உணர்ந்து செடி இலைத்துளைகளை மூடினால், அவற்றை மீண்டும் திறக்கச் செய்யும் நச்சு ஒன்றை அதன் சில வகைகள் சுரக்கின்றன. பின்னர் ஊசி போன்ற அமைப்பின் வழியாகத் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்திச் செடியின் எதிர்ப்பை அடக்குகிறது. மனிதக் குடலைத் தாக்கும் சால்மோனெல்லாவிடமும் இதே வகை ஊசி உண்டு.

சூடோமோனாஸ் சிரிஞ்சேயின் உறவினமான சூடோமோனாஸ் ஏருஜினோசா தீக்காயங்களில் தொற்றி உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. ஆய்வகத்தில் அது இலைகளையும் அழுகச் செய்தது. இலையில் நோய் உண்டாக்க அதற்குத் தேவைப்பட்ட சில மரபணுக்களே சுண்டெலியைத் தாக்கவும் தேவைப்பட்டன என்பதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது.