பெயர் கேட்காமல் நத்தை வாங்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: “மிஸ்டரி நத்தை, செடியைத் தொடாது” என்று கடைக்காரர் உறுதி கூறியதால், என் மீன்தொட்டிக்கு ஒன்று 60 ரூபாய் வீதம் மூன்று வாங்கினேன். இரண்டே வாரத்தில் 900 ரூபாய்ச் செடிகள் தண்டு மட்டும் மிஞ்சி நிற்கின்றன. பட்டினி போட்டது உங்கள் தவறு என்கிறார் அவர். ரசீது தரவில்லை. (அம்பத்தூர்)

பதில்: தவறு உங்களுடையது அன்று. உண்மையான மிஸ்டரி நத்தை பாசியையும், அழுகிய இலையையும், மீன் விட்டுவைத்த உணவையும் தின்னுமே தவிர, நல்ல செடியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. உங்களுக்குக் கிடைத்தது அதன் நெருங்கிய உறவான ஆப்பிள் நத்தை வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓட்டின் சுருள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைப் பாருங்கள்: அங்கே வாய்க்கால் போன்ற ஆழமான பள்ளம் இருந்தால் அது செடி தின்னும் வகை, சுருளின் தோள் தட்டையாக, படிக்கட்டுப் போல இருந்தால் மிஸ்டரி நத்தை. 1980-களில் உணவுக்காகத் தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்ட அந்த ஆப்பிள் நத்தை, அங்கெல்லாம் நெல் நாற்றை அழித்தது. ஆகவே எவ்வளவு கோபம் வந்தாலும் அவற்றை ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்தையும் சுரண்டி எடுத்து நசுக்கிவிடுங்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, ரசீதில் காலவரம்பு குறிப்பிடப்படாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. பணம் செலுத்திய கைப்பேசிப் பதிவு, நத்தையின் படம், செடியின் படம் ஆகியவற்றுடன் கடைக்காரருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நெரைட் நத்தை வாங்கிய பிறகு கண்ணாடியெங்கும் எள்ளைப் போல வெள்ளைப் புள்ளிகள். நோயுற்ற நத்தையைத் தலையில் கட்டிவிட்டார்களா? (வேளச்சேரி)

பதில்: இல்லை. அவை முட்டைகள். நன்னீரில் அவை குஞ்சாகி வளர்வதில்லை, பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: செடியோடு வந்த குட்டி நத்தைகள் பெருகிவிட்டன. அவற்றைத் தின்பதற்காகக் குட்டிப் பஃபர் மீன்கள் நான்கு வாங்கிவிட்டேன். இப்போது அவை என் நெரைட்டுகளைக் கடிக்கின்றன. கப்பி மீன்களின் வாலும் கிழிந்திருக்கிறது. மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா? (மதுரை)

பதில்: கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, நத்தை தின்னும் மீனைக் கேட்டீர்கள், அதையே கொடுத்தார். அந்த மீன் எந்த நத்தையைத் தின்னும், யாருடன் வாழும் என்று வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேரளத்து ஆறுகளுக்குரிய அந்தச் சிறு மீன் இன்று அழிவை எதிர்நோக்கும் பட்டியலில் இருக்கிறது. துடைப்பம் வாங்குவது போல வாங்குவதற்குரியது அன்று. மீனுக்கு மிகையாக உணவு போடுவதால்தான் நத்தை பெருகுகிறது. போடுவதைப் பாதியாகக் குறையுங்கள். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டியில் இட்டு, காலையில் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு வெளியே எடுங்கள். பஃபர்களுக்குத் தனித்தொட்டி அமையுங்கள். முடியாவிட்டால், அமைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: சிறுவாணித் தண்ணீரில் வளர்க்கிறேன். நத்தைகளின் ஓடு வெளுத்துக் குழி விழுகிறது. 350 ரூபாய்க்கு “ஓடு சத்து” சொட்டுமருந்து வாங்கச் சொல்கிறார்கள். (கோயம்புத்தூர்)

பதில்: வாங்காதீர்கள். அதே போன்ற ஒரு சொட்டுமருந்துக்கு நான் இருமுறை பணம் கொடுத்தேன். ஓட்டில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்கு இனிமையானது. நத்தைக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அதில் குறைவு. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். ஒரு துண்டைக் கழுவித் தொட்டியில் போட்டுவையுங்கள். இனி வளரும் ஓடு உறுதியாக இருக்கும், பழைய குழி மறையாது. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவோருக்கும் இதே பதில்.

கேள்வி: மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்ததால், கடையில் தந்த நீலநிற மருந்தைச் சொன்ன அளவில் ஊற்றினேன். மீன்கள் பிழைத்தன. பதினோரு செர்ரி இறால்களும் ஆறு நத்தைகளும் மறுநாளே இறந்துவிட்டன. புட்டியில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதப்படவில்லை. (திருச்சி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது, ஏனெனில் இதே இழப்பை நானும் அடைந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 90 ரூபாய்க்கு, பெயரும் விலையும் மட்டும் அச்சிட்ட ஒரு புட்டியை வாங்கி ஊற்றினேன். இரண்டு ஆண்டுகளாக வளர்த்த பதினான்கு நத்தைகளும், ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைத் திறந்தபடி தொட்டித் தரையில் இறந்து கிடந்தன. பிறகு விசாரித்தபோதுதான் அதில் மயில்துத்தம், அதாவது தாமிர உப்பு, கலந்திருப்பது தெரிந்தது. மீன் தாங்கிக்கொள்ளும் அளவுத் தாமிரம்கூட நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். அது மணலிலும் வடிகட்டியிலும் தங்கி, பின்னர் விடுகிற புதிய இறால்களையும் பாதிக்கக்கூடும்.

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று எல்லாம் அச்சாகியிருக்கிறது. உயிருள்ள தொட்டியில் ஊற்றும் மருந்தில் மட்டும் அது ஏன் இருப்பதில்லை? பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை பற்றி அறிந்துகொள்வது சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமை. அந்தப் புட்டியை விற்பவர் ஒவ்வொருவரும் அந்த உரிமையைப் பறிக்கிறார் என்றே நான் கருதுகிறேன். உள்ளே இருப்பது எழுதப்படாத எந்த மருந்தையும் வாங்காதீர்கள், “இதில் தாமிரம் உண்டா?” என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே மருந்திடுங்கள். உங்கள் புட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: இணையத்தில் வாங்கிய எட்டு நத்தைகளும் அசையாமல் வந்தன. உடனே குப்பையில் போட்டுவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (சேலம்)

பதில்: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பயணத்தில் வந்த நத்தை ஓரிரு நாள் மூடியை அடைத்துக்கொண்டு கிடப்பது இயல்பு, உயிரோடிருந்தவற்றையே எறிந்திருக்கலாம். இறந்திருந்தால் முகர்ந்த நொடியிலேயே தெரியும். அடுத்த முறை பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுங்கள். இறந்தே வந்தது என்று அதில் தெரிந்தால், “உயிருள்ளவற்றுக்குத் திரும்பப் பெறுதல் இல்லை” என்று விற்பவர் எழுதிவைத்திருந்தாலும் நீங்கள் விடவேண்டியதில்லை. குறையுள்ள பொருளை ஏற்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன.

கேள்வி: 10 லிட்டர் தொட்டியில் ஃபைட்டர் மீன், மிஸ்டரி நத்தை, செர்ரி இறால் மூன்றையும் சேர்த்து வைக்கலாம் என்று தொகுப்பாக விற்கிறார்கள். வாங்கலாமா? (புதுச்சேரி)

பதில்: வேண்டாம். நத்தையின் நீண்ட உணர்கொம்பைப் புழு என்று எண்ணி ஃபைட்டர் கொத்தும். இறால் குஞ்சுகளைத் தின்றுவிடும். அவ்வளவு சிறிய தண்ணீரில் மிஸ்டரி நத்தையின் கழிவே மிகையாகிவிடும். 20 லிட்டர் தொட்டி, நான்கைந்து வாரம் வடிகட்டி ஓடிய தண்ணீர், ஒரு ஃபைட்டர், ஒரு நெரைட். இறால்தான் வேண்டுமென்றால் ஃபைட்டரை விட்டுவிடுங்கள்.