முகம் எரிந்தால் முதலில் சீரத்தையும் ஃபேஸ்வாஷையும் நிறுத்துங்கள்

வணக்கம் சகோதரி. மண்டபம் ஊர்க் கடலில் கடல்பாசி எடுக்கப் போகிறவர் நீங்கள். குறைந்த விலை முகப் பராமரிப்பு கிட் ஒன்று வாங்கி, ஃபேஸ்வாஷ், சீரம் (முகத்தில் சில சொட்டு தடவும் திரவம்), மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் நான்கையும் ஒரே நாளில் தொடங்கி, ஐந்தாம் நாளே கன்னம் எரிந்து உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஃபேஸ்வாஷ், சீரம் இரண்டிலுமே மேல்தோலை உரிக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உப்புக்காற்றும் வெயிலும் படும் முகத்துக்கு அது அதிகம். இரண்டையும் நிறுத்துங்கள். எரிச்சல் அடங்கும்வரை வெறும் தண்ணீரும் மாய்ஸ்சரைசரும் போதும்.

எங்கள் பாம்பன் பக்கம் போர் தண்ணீரே உப்பு. கடலிலிருந்து வந்ததும் குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து முகத்தைக் கழுவிவிடுங்கள், வித்தியாசம் தெரியும்.

சன்ஸ்கிரீன் இப்போது காந்தினால் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். ஆறியபின் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் வேண்டும்; தண்ணீரில் நிற்பதால் அதற்கு முன்பேகூட.

அப்புறம் சீரம். முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்து, வாரம் 2 இரவு மட்டும் போடுங்கள். முகம் வீங்கினாலோ நீர் வடிந்தாலோ காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.