சூனியக்காரிக்குப் பாவாடை எவ்வளவு நீளம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேய் விவகாரம். அக்டோபர் 31 நெருங்குகிறது, ஹாலோவீன். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வார்த்தையை எழுதிக் கேட்க ஒரு வாசகர்கூட இல்லை. இப்போது திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் கேட்கிறார்கள். சரி, கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

*

டீச்சரம்மா, ஐயர் பங்களா பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். இங்கே குழந்தைகளுக்கு ஹாலோவீன் வைக்கிறார்கள். வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்க வேண்டுமாம். யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்குச் சூனியக்காரி வேஷம்தான் வேண்டுமாம். மாமியாரோ, "விளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளைக்குப் பேய் வேஷமா?" என்கிறார். அனுப்பலாமா? என்ன உடுத்திவிடுவது?

அனுப்புங்கள். ஆனால் மாமியாரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய ஜனங்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கிற ராத்திரியில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். பின்னால் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்களின் திருநாளானது. அதற்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் பூவுமாக நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் அன்று எப்படி இருக்கும் என்று உங்கள் மாமியாருக்கும் தெரியும். புரட்டாசியில் மாளய அமாவாசைக்குப் படையல் போட்டவரிடம், "அவங்களுக்கும் அது மாதிரி ஒரு நாள், அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

வேஷம் கட்டி வீடு வீடாகப் போவதும் நமக்குப் புதுசில்லை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து காளி, குறவன், குரங்கு என்று வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்குகிறார்கள். கட்டுகிற வீட்டின் முன்னால் நாக்கைத் தொங்கப்போட்ட அரக்கன் முகத்தைப் பூசணிக்காயில் வரைந்து கட்டுகிற ஊர் நம்முடையது. வெள்ளைக்காரன் பூசணியில் முகம் செதுக்கினால் மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு ஆச்சரியம்?

இப்போது துணிக்கு வருவோம். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். (இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுபவர்களுக்குச் சல்லடம் என்கிற அரைக்கால் சட்டை, கச்சை, உருமால் எல்லாம் தைப்பார். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சோற்றில்கூடச் சரிகை நூல் கிடக்கும். ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைத்த மனிதர், நான் நாலாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு ஔவையாராகப் போனபோது மட்டும், "வளர்ற பிள்ளைதானே" என்று அரை முழம் கூடுதலாக விட்டுத் தைத்துவிட்டார். அடுத்த வருஷமும் உதவுமாம். மேடையில் மூன்றாவது எட்டில் சேலை தடுக்கி, கோல் ஒரு பக்கம், நரைமுடி ஒரு பக்கம், நான் தலைமையாசிரியர் காலடியில். முன்பல் ஒன்று போனது. பால் பல்தான், நல்ல வேளை. ஆறுதல் பரிசாக ஒரு சோப்புப்பெட்டி கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி அப்பா வருத்தத்தோடு சொன்னார்: "அழகர் வேஷக்காரன் சல்லடம் ஏன் குட்டையா இருக்கு தெரியுமா? அவன் கூட்டத்துல ஆடணும், ஓடணும். எரியிற திரி பிடிக்கிறவனும் இருக்கான். துணி காலுக்குக் கீழ வந்தா அவ்வளவுதான்."

ஆகவே, சூனியக்காரியின் பாவாடை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். கடையில் வாங்கினது நீளமாக இருந்தால் மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். ஊக்கு குத்தி நிறுத்தாதீர்கள், ஓடும்போது பிரிந்து குத்தும். முதுகில் தொங்கும் அங்கியைக் கழுத்தில் நாடா போட்டு முடிச்சிடாதீர்கள். மாடிப்படிக் கம்பியிலோ லிஃப்ட் கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். இரண்டு தோளிலும் வெல்க்ரோ வைத்தால் இழுத்ததும் கழன்றுவிடும். நெட் துணி பார்க்க அழகுதான், ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தொளதொளவென்ற பருத்தியும் சட்டென்று பற்றும். உடம்போடு ஒட்டின உடுப்புதான் நல்லது. கூம்புத் தொப்பி கண்ணை மறைக்காமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே போட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். காலுக்கு அவளுடைய பழைய ஷூவே போதும். ஐப்பசி மழைக்குத் தரையெல்லாம் ஈரமாக இருக்கும்.

2024-ல் தீபாவளியும் அக்டோபர் 31-லேயே வந்தது நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் ஒரு வாண்டு வவ்வால் அங்கியோடு கம்பி மத்தாப்பு பிடித்தது. கம்பி மத்தாப்பின் சூடு ஆயிரம் டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கியில் எட்டணா அளவு ஓட்டை விழுந்தது, அதோடு போயிற்று. அவன் அம்மா அங்கியை உருவினாரே ஒரு வேகம், அதற்கே பரிசு கொடுக்கலாம். தீபாவளி எந்தத் தேதியில் வந்தாலும் வேஷம் வேறு நேரம், வெடி வேறு நேரம். அப்படியும் துணியில் தீப்பற்றினால் ஓடவிடக் கூடாது. தரையில் படுக்க வைத்து உருட்ட வேண்டும். பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம்.

*

பூசணிக்காயில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்க என் பையன் கேட்கிறான். எந்தப் பூசணி வாங்க? நம் ஊர்க் காயில் வருமா? – ஒரு அப்பா, திருப்பாலை

மஞ்சள் பூசணி வாங்குங்கள், பரங்கிக்காய் என்றும் சொல்வோமே, அதுதான். நம் ஊர்க் காய் கொஞ்சம் சப்பையாக, வரி வரியாக இருக்கும். படத்தில் வருகிற ஆரஞ்சு உருண்டை மாதிரி இருக்காது. அதனால் என்ன? அயர்லாந்தில் முதலில் செதுக்கினது டர்னிப் கிழங்கில்தான். அமெரிக்கா போன பிறகுதான் பூசணி வந்தது. அடி தட்டையான காயாகப் பார்த்து எடுத்தால் உருளாது.

முகத்தை வரைவது பையன் வேலை. வெட்டுவது உங்கள் வேலை. தோல் தேங்காய்ச் சிரட்டை மாதிரி கெட்டியாக இருக்கும், கத்தி வழுக்கினால் எதிர்க்கையில்தான் இறங்கும். உள்ளே இருப்பதை வழிக்க அவன் கையில் ஒரு கரண்டி கொடுங்கள், சட்டை முழுக்கப் பூசிக்கொள்வான். வழித்த சதையை உடனே கூட்டு வைத்துவிடலாம், கொஞ்சம் வெல்லம் தட்டிப் போட்டால் அருமை. ராத்திரி முழுக்க வாசலில் இருந்த காயைச் சமைக்காதீர்கள். மறுநாள் அது எறும்புக்குத்தான்.

உள்ளே மெழுகுவத்தி வேண்டாம். அங்கி போட்ட பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்க்கிற உயரத்தில்தான் அது எரியும். பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு போதும். ஆனால் அந்த விளக்குக்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியதா என்று பார்த்து வாங்குங்கள். கைக்குழந்தை அதை விழுங்கி, தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இத்தனை கடிதத்திலும் என்னை உண்மையில் பயமுறுத்துகிற பேய் இந்தப் பொத்தான்தான்.

எல்லாம் முடிந்த பிறகு காயை நடுரோட்டில் போட்டு உடைக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் டூ வீலர்கள் வழுக்குவதைப் பார்த்தது போதும்.

*

என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். பேரன் ஹாலோவீனுக்கு முன்பின் தெரியாதவர்கள் வீட்டிலெல்லாம் மிட்டாய் வாங்கித் தின்கிறான். விஷம் வைப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. தூக்கம் வரவில்லை. – ஒரு தாத்தா, திருமங்கலம்

நன்றாகத் தூங்குங்கள் ஐயா. இந்த வதந்தி அங்கேயும் பல வருஷமாகச் சுற்றுகிறது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1958 முதல் வந்த செய்திகளைத் தேடித் தேடிப் பார்த்தார். முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை செத்தது என்று நிரூபணமான சம்பவம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. அதை வைத்தது அயலான் இல்லை, பெற்ற தகப்பன். இன்ஷூரன்ஸ் பணத்துக்காக.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மிட்டாய்க்காக இல்லை, காருக்காக. 1975 முதல் 2016 வரைக்குமான விபத்துக் கணக்கைப் பார்த்த ஆய்வில், மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறப்பது 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இருட்டு, கறுப்பு உடுப்பு, கண்ணை மறைக்கும் முகமூடி, இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் குறுக்கே ஓட்டம். மகளிடம் பேசும்போது மூன்றே விஷயம் சொல்லுங்கள்: பேரன் முதுகில் ஒளிரும் பட்டை, கையில் டார்ச், கூடவே பெரியவர் ஒருவர்.

இங்கே அனுப்புகிறவர்களுக்கும் அதேதான். வண்டி உதிரிபாகக் கடையில், லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டை கிடைக்கும். நம் ஊரில் அன்றைக்கு ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தெருவிளக்கு எப்போது எரியும் என்பது அதன் இஷ்டம்.

மிட்டாய் விஷயத்தில் ஒன்று. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உருண்டையான கெட்டி மிட்டாயும் முழு வேர்க்கடலையும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயை அடைக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் சில வீட்டு வாசலில் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பூசணி வைத்திருப்பார்கள். அங்கே தின்பண்டத்துக்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் கிடைக்கும். கடலை மிட்டாய் ஊர்க்காரர்கள் நாமும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

தம்பிக்கு 13 வயது. பூனைக்கண் மாதிரி லென்ஸ் ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்கிக் கொடுக்கட்டுமா? – கல்லூரி மாணவி, தல்லாகுளம்

கூடாது. டாக்டர் அளவு பார்க்காமல் போடுகிற லென்ஸ் கருவிழியைக் கீறும், கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற மதுரையில் இருந்துகொண்டு கண்ணைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டுமா? கண்ணைச் சுற்றி மை தீட்டிப் பூனையாக்குங்கள். போஸ்டர் கலர் முகத்துக்கு ஆகாது. முகத்துக்கென்று விற்கிற வண்ணத்தையும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

*

டீச்சர், எனக்கு 11 வயது. கதவுக்குப் பின்னால் ஒளிந்து அப்பத்தாவைப் பயமுறுத்தலாமா? – மேலூர்

அப்பத்தா கையில் சுடுகஞ்சி இல்லையே? மாடிப்படியில் நிற்கவில்லையே? நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடவில்லையே? மூன்றுக்கும் இல்லை என்றால் அப்பாவைக் கேட்டுவிட்டுச் செய். வண்டி ஓட்டுகிறவரையும் தெருநாயையும் ஒருபோதும் பயமுறுத்தாதே. அப்புறம் ஒன்று: நம் பக்கத்து அப்பத்தாக்கள் முனி கதை கேட்டு வளர்ந்தவர்கள். பதிலுக்கு அவர் ஒரு கதை சொன்னால் ராத்திரி பாத்ரூம் போக உனக்குத்தான் துணை தேவைப்படும்.

*

மூன்று வயது மகன் முகமூடியைப் பார்த்தாலே வீறிட்டு அழுகிறான். பழகிவிடுமா? – தாய், விளாங்குடி

அந்த வயதில் முகமூடிக்குப் பின்னால் இருப்பதும் அதே சித்தப்பாதான் என்பது பிள்ளைக்குப் பிடிபடாது. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்று யாராவது ஆரம்பித்தால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். முகமூடியைத் தரையில் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவனாக எடுக்கட்டும். கண் ஓட்டை வழியே உங்களைப் பார்க்கட்டும், கண்ணாடியில் தன்னைப் பார்க்கட்டும். இந்த வருஷம் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். என் பேரன் இப்படித்தான் இரண்டு நாள் புலி முகமூடியைக் கண்டு ஓடினான். மூன்றாம் நாள் எடுத்து மாட்டிக்கொண்டவன், கழற்றவே மாட்டேன் என்று அடம். வாய் ஓட்டை வழியாக இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். சட்னிதான் சிரமமாகிவிட்டது.