மதகுரு ஊர் விவகாரத்தில் பேசலாமா?

"பூஜை, பிரசங்கத்தோடு நிற்காமல் மதகுரு பொது விஷயத்திலும் பேசலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் யாரோ பேசி, அது சண்டையாகியிருக்கும் போல. பேச வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் இருப்பது அட்லாண்டாவில். இங்கே பீச்ட்ரீ தெருவில் 'தி டெம்பிள்' என்ற யூத ஆலயத்துக்கு 1946-ல் ஜேக்கப் ரோத்சைல்ட் ரபியாக, அதாவது யூத மதகுருவாக, வந்தார். சபையார் பயந்துபோயிருந்தவர்கள். 1915-ல் லியோ ஃபிராங்க் என்ற யூதரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது ஒரு கும்பல். அதை ஊர் மறக்கவில்லை. அவர்களிடம்தான் இவர், கறுப்பின மக்களை ஒதுக்கிவைப்பது தப்பு என்று வருஷா வருஷம் பேசினார். 1958 அக்டோபர் 12, ஞாயிறு விடிவதற்குள் ஆலயத்தில் டைனமைட் வெடித்தது. சில மணி நேரம் தாமதித்திருந்தால் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உள்ளே இருந்திருப்பார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வழிபாட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நோபல் பரிசு பெற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு 1965 ஜனவரியில் நகரம் கொடுத்த விருந்தை முன்நின்று நடத்தியவர்களில் இந்த ரபியும் ஒருவர்.

இப்போது எங்கள் கதை. 2021 மார்ச்சில் இங்குள்ள ஸ்பாக்களில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். அஞ்சலிக் கூட்டத்துக்கு நம் கோயில் சார்பில் யாராவது போகலாம் என்றேன். மடப்பள்ளியில் புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த இளம் குருக்கள், "நான் வந்து சாந்தி மந்திரம் சொல்றேன் சார்" என்றார். கமிட்டிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்து, "முதல்ல உங்க விசா ரினியூவலைப் பாருங்கோ" என்றார். குருக்கள் மறுபடி பொட்டலம் கட்டக் குனிந்துகொண்டார். இங்கே குருக்களுக்கு விசா ஸ்பான்சர் கோயில்தான். அவர் வேறென்ன செய்வார்?

'கோயிலில் எதற்கு அரசியல்?' என்று கீழே எழுத வருவார்கள். யாருக்கும் ஓட்டுக் கேட்கச் சொல்லவில்லை. தேர்தல் சமயத்தில் வேட்பாளருக்குப் பூரண கும்பத்தோடு மாலை போட்டதும் இதே கமிட்டிதான். அது மட்டும் என்னவாம்?

ரோத்சைல்டுக்கும் சம்பளம் கொடுத்தது சபைதான். முணுமுணுத்தார்கள், ஆனால் அனுப்பிவிடவில்லை. 1973-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். உங்கள் குரு பேசியிருந்தால், நிர்வாகத்துக்கு உங்கள் பெயர் போட்டு ஆதரவாக ஒரு கடிதம் எழுதுங்கள். எதிர்த்து எழுதுகிறவர்கள் அன்றைக்கே எழுதியிருப்பார்கள்.