பைக்கின் பின்னிருக்கைக்கு பேக்ரெஸ்ட்டை நாமே மாட்டிக்கொள்ள முடியுமா, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டுமா?

தாராளமாக நீங்களே மாட்டலாம். போல்ட்டுகள் துருவேறி இறுகிப் போகாத வண்டியாக இருந்தால், ஒரு ஸ்பேனர் செட்டும் ஆலன் கீ செட்டும் கையில் உள்ளவர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. எனக்கு இரண்டு மாலைகளும், ஆண்டிப்பட்டிக் கணவாய்க்குப் பக்கத்தில் எங்கோ விழுந்துபோன ஒரு போல்ட்டும் செலவாயின.

நான் இருப்பது மதுரை செல்லூரில். என்னுடையது 350 சிசி வண்டி. மாதம் ஒருமுறை உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கு மனைவியை அழைத்துச் செல்கிறேன். 70 கிலோமீட்டருக்கு மேல் முதுகுக்கு ஆதாரமில்லாமல் உட்கார்ந்து வருவது அவருக்குப் பெரும் சிரமமாக இருந்ததால், சாய்மானம் ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரித்த பிறகுதான் கவனித்தேன், அதோடு தனி போல்ட்டுகள் எதுவும் வரவில்லை. கைப்பிடிக் கம்பியை இருக்கைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் பழைய போல்ட்டுகளையே, பக்கத்துக்கு இரண்டாக நான்கையும் கழற்றி, இடையில் சாய்மானத்தின் அடித்தகட்டை வைத்து மறுபடியும் முடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

நான் ஏமாந்தது இங்கேதான். தகட்டின் கனம் 5 மில்லிமீட்டர். அதை இடையில் நுழைத்தால், போல்ட் மரைக்குள் இறங்கும் ஆழத்தில் அதே 5 மில்லிமீட்டர் குறைந்துவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட்டில் வழக்கமாக ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் என்பதால், நான்கு சுற்றுப் பிடிமானம் போய்விடுகிறது. போல்ட்டின் விட்டத்தின் அளவுக்காவது, அதாவது 8 மில்லிமீட்டராவது, மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. கையில் இறுக்கமாகத் தெரிந்ததை நம்பி நான் அப்படியே கிளம்பிவிட்டேன். உசிலம்பட்டி தாண்டியதும் மனைவி, "என்னங்க, பின்னாடி லொடலொடன்னு சத்தம் கேக்குதே" என்றார். சாலையோரச் சத்தமாக இருக்கும் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, கணவாய் ஏறி இறங்கித் தேனியில் நிறுத்திப் பார்த்தபோது, இடப்பக்கத்துப் பின் துளை வெறுமையாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சாய்மானம் ஒரு நெம்புகோல். போல்ட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒருவர் 20 கிலோ விசையோடு சாய்ந்தால், முன்பின்னாக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் போல்ட்டுகளின் மேல் அது 60 கிலோ இழுப்பாக விழுகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது கூடிக் குறையும்.

ஆகவே, தகட்டின் கனத்துக்கு ஏற்ற நீளத்தில், தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்த புதிய போல்ட்டுகளை முதலிலேயே வாங்கிவிடுங்கள். தேவைக்கு மேல் நீளமாக வாங்குவதும் ஆபத்துதான். மட்கார்டுக்கு உள்ளே முனை நீட்டிக்கொண்டிருந்தால், பள்ளத்தில் வண்டி அமுங்கும்போது டயரைக் கிழிக்கும். டெயில் லைட்டுக்குப் போகும் வயரும் அந்த வழியாகத்தான் போகிறது.

நான்கு போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகி வைத்து, சாய்மானம் நேராக நிற்கிறதா என்று பின்னால் நின்று பார்த்த பிறகு, குறுக்கும் மறுக்குமாக முடுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளைகள் சேரவே சேராது. அப்படியும் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், தகட்டின் துளையை மட்டும் உருண்டை அரத்தால் ராவி, ராவிய இடத்தில் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசுங்கள். வண்டியின் சட்டத்தில் கை வைக்காதீர்கள். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியை ஏறக்குறைய 12 கிலோ விசையில் இழுத்தால் போதுமான இறுக்கம் கிடைத்துவிடும். மரையில் நீலநிற த்ரெட்லாக்கர், அதாவது போல்ட் தளராமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். பிறகு மனைவியின் நெயில் பாலிஷால் போல்ட் தலையிலிருந்து தகடு வரை ஒரு கோடு இழுத்தேன். கோடு முறிந்து தெரிந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று பொருள்; வண்டி துடைக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

கைப்பிடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாய்மானத்தைப் பொருத்தச் சொல்லும் வகைகளும் விற்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம். பின்னால் ஒருவர் உட்காரும் வண்டிக்கு நிரந்தரக் கைப்பிடியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருந்தாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி சொல்கிறது.

கடைசியாக, வாங்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி: உங்கள் பின்னால் உட்காருபவர் எப்படி உட்காருவார்? சாய்மானம் இருபக்கமும் கால் போட்டு உட்காருபவருக்காகச் செய்யப்பட்டது. என் அம்மா சேலை கட்டிக்கொண்டு இடப்பக்கம் பார்த்து ஒருபக்கமாகத்தான் உட்காருவார்; வலக்கை என் தோளில் இருக்கும், இடக்கை பின்னால் கம்பியைப் பிடித்திருக்கும். திருப்பரங்குன்றத்துக்குக் கிளம்பிய அன்று, சாய்மானம் அவருடைய இடுப்பில் இடித்ததோடு, அந்த இடக்கைக்கும் வழியில்லாமல் செய்துவிட்டது. "ஏப்பா, கைக்குப் பிடிமானமே இல்லையேப்பா" என்று தெருமுனையிலேயே இறங்கிவிட்டார். அந்த வாரமே அதைக் கொடுத்துவிட்டு, தகடு வண்டியிலேயே இருக்க, மெத்தைப் பகுதியை மட்டும் இரண்டு திருகுகளில் கழற்றி எடுக்கும் வகையை வாங்கினேன். தேனிப் பயணம் இல்லாத நாட்களில் அந்த மெத்தை பரணில் இருக்கிறது.