தாவ மறுக்கும் பழைய சி கோடு

கேள்வி: பல வருடப் பழைய சி புரோகிராம் ஒன்றைப் பராமரிக்கிறேன். எடிட்டரில் சிடேக்ஸ் (ஃபங்ஷன் எழுதியிருக்கும் இடத்துக்குத் தாவ, பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் டூல்) போட்டும் பாதி ஃபங்ஷன்களுக்குத் தாவ மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: நீங்கள் போட்டிருப்பது எக்ஸூபரன்ட் சிடேக்ஸ் என்ற பழைய வகையா என்று முதலில் பாருங்கள். அது 2009-ல் வந்த 5.8-ஓடு நின்றுவிட்டது, யுனிவர்சல் சிடேக்ஸுக்கு மாறுங்கள். அப்புறம், தகராறு செய்யும் அந்த ஒரு ஃபைலில் மட்டும் சிடேக்ஸை ஓட்டிப் பாருங்கள். ஃபங்ஷன் பெயர் பட்டியலில் வரவில்லையா? பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும் மேக்ரோதான் (வேறு கோடுக்குப் பதிலாக எழுதும் சுருக்கப் பெயர்) காரணம். சிடேக்ஸ் அதை விரித்துப் பார்க்காது, குழம்பிவிடும். பெரிய ‘ஐ’ (-I) ஆப்ஷனில் அந்த மேக்ரோ பெயரைக் கொடுங்கள், ஒதுக்கிவிட்டுப் போகும். மேக்ரோவுக்கு அடைப்புக்குறி இருந்தால் பெயரோடு கூட்டல் குறியும் (+) சேருங்கள்.

ஒரு ஃபங்ஷனை எந்தெந்த ஃபங்ஷன் கூப்பிடுகிறது என்று தேட சிஸ்கோப் என்ற டூல் நல்லது. ஃபங்ஷன் பாயின்டர் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) வழியாகப் போகும் அழைப்புகள் மட்டும் அதிலும் சிக்காது. அங்கே நான் இன்றும் ஃபைல்களில் சொல்லைத் தேடும் கிரெப்பைத்தான் நம்புகிறேன்.