மாமியார் தள்ளி வெச்ச தட்டு

கேள்வி: போன ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரி ஒயிட் டவுன்ல ஒரு மொட்ட மாடி கஃபேக்கு குடும்பத்தோட போனோம். டீ 160 ரூபா, கருப்பட்டி கேக் ஒரு துண்டு 280. ரெண்டர மணி நேரம் இருந்தோம், காத்து சூப்பர், பில்லப் பாத்ததும் வயிறு எரிஞ்சிடுச்சு. திருச்செந்தூர்லேந்து வந்திருந்த என் மாமியார் கேக்க ஒரு வாய் தின்னுட்டு தட்ட தள்ளி வெச்சுட்டாங்க. நம்ம ஊரு கருப்பட்டிய நமக்கே இந்த வெலைக்கு விக்கிறது பகல் கொள்ளதானே சார்? (பேர் வேண்டாம், திண்டிவனம்)

பதில்: ரெண்டர மணி நேரம்னு உங்க கையாலயே எழுதிட்டீங்க, அப்புறம் என்ன கொள்ளை? தெருமுனை டீக்கடை பெஞ்சுல நாலு டீ சொல்லிட்டு குடும்பத்தோட ரெண்டர மணி நேரம் உக்காந்து பாருங்க, மாஸ்டர் மொதல்ல பேப்பரப் புடுங்குவார், அப்புறம் பெஞ்சையே தூக்கி உள்ள போட்டுருவார். நீங்க குடுத்ததுல பாதிக்கு மேல அந்த நாற்காலிக்கும், கீழ இருக்குற பழைய வீட்டுக்கும், எடுத்துத் தள்ளின போட்டோவுக்கும் வாடகை. மெனு கார்டுல வெலைய மறைக்கல, பாத்துட்டுதானே சொன்னீங்க. பில்லுல தனியா சர்வீஸ் சார்ஜ்னு ஒரு வரி இருந்திருந்தா அத எடுக்கச் சொல்லிருக்கலாம், அது கட்டாயம் இல்லன்னு 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, 2025ல டெல்லி ஐகோர்ட்டும் அது சரிதான்னுடுச்சு. (ஜிஎஸ்டிய எடுக்கச் சொல்லி சண்ட போடாதீங்க, அது வேற.)

நீங்க கோவப்பட வேண்டிய எடத்துல கோவப்படவே இல்ல. அந்த கேக்குல கருப்பட்டி இருந்துச்சா?

கருப்பட்டிங்கறது பதநீரக் காய்ச்சி எடுக்கறது, வருசம் பூரா வராது, கோடைய ஒட்டின சில மாசந்தான், அதுக்கும் மரம் ஏற ஆள் வேணும், ஏறத் தெரிஞ்சவங்க கொறஞ்சுகிட்டே வர்றாங்க. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சாச்சு, ஆனா கடைக்கு வர்ற சரக்குல சீனி கலந்தது எவ்ளோன்னு வாங்கறவங்களுக்குத் தெரியும். சரி, நல்ல கருப்பட்டியே கெடச்சாலும் சீனி மாதிரி அள்ளி மாவுல கொட்ட முடியாது, தட்டிப் போட்டு கொஞ்சூண்டு தண்ணி விட்டு காச்சி தூசு மண்ணு போக வடிகட்டி ஆற வெக்கணும், அந்தப் பாகோட ஈரத்துக்குத் தக்கபடி பாலு மாதிரி மத்த ஈரச் சாமானயெல்லாம் கொறைக்கணும், இவ்ளோ பண்ணினாலும் கேக்கு வெள்ளச் சீனி கேக்கு மாதிரி பஞ்சா பொங்காது, கருத்து, கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். உங்க தட்டுல வந்தது வெளுப்பா மெத்துமெத்துன்னு இருந்து மேல கிரீம்ல மட்டும் பழுப்பா ரெண்டு கோடு போட்டிருந்தா அது வெனிலா கேக்கு சார், கருப்பட்டி சும்மா நெத்தியில பூசின விபூதி. நானும் ஒரு ஊர்ல (ஊரச் சொல்ல மாட்டேன்) எந்த ஊரு கருப்பட்டி தம்பின்னு கேட்டேன், பையன் உள்ள போய் விசாரிச்சுட்டு வந்து "ஃபிளேவர் சார்"ன்னான். ரொம்ப நேர்மையான பையன்.

உள்ளூர் ருசியில கேக்கு போடறது ஒண்ணும் இந்த மாடி கஃபேக்காரங்க கண்டுபிடிச்சதில்ல. 1883ல கேரளாவுல இருக்குற தலச்சேரியில மாம்பள்ளி பாபுன்னு ஒரு பேக்கரிக்காரர், இங்கிலாந்துலேந்து வந்த ஒரு கேக்க ருசி பாத்துட்டு அதே மாதிரி செஞ்சு குடுத்தார், கேக்க கேட்டவர் ஊத்தச் சொன்ன பிராந்தி சாராயத்த விட்டுட்டு முந்திரிப் பழமும் கதலி வாழையும் போட்டு ஊறின நாட்டுச் சரக்க ஊத்தினார்னு சொல்லுவாங்க. ஊருல இருக்கறது மாவுக்குள்ள போச்சு பாருங்க, மேல தூவல.

அது கெடக்கட்டும், பாண்டிச்சேரிக்குப் போயிட்டு எதுக்கு சார் கருப்பட்டி? அது உங்க மாமியார் ஊரு சரக்கு. பாண்டிச்சேரிக்குன்னு விவிக்கம்னு ஒரு கேக்கு இருக்கு, ரவையும் ரம்முல ஊறின பழமும் முட்டையும் சேத்து கிறிஸ்துமஸ் சமயத்துல வீடுகள்ல போடறது. அத யாராவது நல்லா செஞ்சு மாடில வெச்சு 280க்கு வித்தா நான் முணுமுணுக்காம குடுப்பேன்.

டீயப் பத்தி ஒண்ணுமே சொல்லல நீங்க. இவ்ளோ இனிப்புக்கு பக்கத்துல சீனி போட்ட பால் டீ வாங்கினீங்கன்னா ரெண்டும் கெட்டுச்சு. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தூள் (இலைய நொறுக்காம உருட்டி எடுக்கற டீ) இருக்கான்னு கேட்டு பால் சேக்காம குடிச்சிருந்தா அந்த 160க்கு ஏதோ ஒரு நியாயம் கெடச்சிருக்கும்.

உடன்குடி, திருச்செந்தூருக்குப் பக்கத்துலதான் இருக்கு. சின்ன வயசுலேந்து கருப்பட்டி கடிச்சு வளந்த ஒருத்தர உங்க மேசையிலயே உக்கார வெச்சுட்டு, அவங்க ஏன் தட்ட தள்ளினாங்கன்னு ஒரு வார்த்த கேக்காம எனக்கு லெட்டர் போட்டிருக்கீங்க.